சூதும் சோறும்

திருக்குறளிலே சூது 94 ஆம் அதிகாரம். மருந்து 95 ஆம் அதிகாரம். மருந்து என்று பெயர் பெற்றிருப்பினும் அவ்வதிகாரத்தின் பெரும்பகுதி உணவைப் பற்றியதே. எதை உண்பது, எவ்வளவு உண்பது, எப்போது உண்பது என்பனவே அங்கே பேசப்படுகின்றன. ஆகவே, நூலின் அடைவிலே சூதுக்கு அடுத்த வீடு சோறு என்று சொல்லிவிடலாம். அன்றியும், சூது அதிகாரத்தின் உள்ளேயே ஒரு குறள், சூதாடுவானை விட்டு விலகிப்போவன ஐந்து என எண்ணுகின்றது. உடை, செல்வம், புகழ், கல்வி என்பவற்றோடு ஊணும் அங்கே வைத்து எண்ணப்பட்டது.

பால பண்டித வகுப்பிலே இக்குறளைப் பாடஞ்சொல்லும்போது மாணாக்கர் ஒரு தடை நிகழ்த்துவதுண்டு. தோற்றவனுக்கு ஊண் இல்லை என்பது சரி. வென்றவனுக்கு என்ன குறை? பணம் இருந்தால் நல்ல உணவை விலைக்கு வாங்கி உண்ணலாமே என்பது அத்தடை. நியாயமான தடைதான். உரைகளைக் கொண்டு விடை சொல்வது ஒரு முறை. உலகியலைக் கொண்டு விடை சொல்வது இன்னொரு முறை. இக்கட்டுரை இரண்டாவது முறையைச் சார்ந்தது. வென்றவனாயினும் தோற்றவனாயினும், சூது அரசு செய்யும் வீட்டிலே ஊண் ஊணாக இருப்பதில்லை என்பது என் துணிபு. அதற்குச் சான்று ஒரு தட்டு நூடில்ஸ்.

ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலே, மொஹாவி பாலைவனத்தின் நடுவே இருக்கின்றது லாஸ் வேகாஸ் நகரம். 1905 இல் புகையிரதப் பாதையை ஒட்டித் தோன்றிய சிற்றூர் அது. 1931 இல் அம்மாநிலம் சூதாட்டத்தைச் சட்டத்துக்கு அமைந்த தொழிலாக்கிற்று. 1941 இல், நகரெல்லைக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில், சூதும் தங்குமிடமும் உணவும் ஒருங்கே கொண்ட விடுதி ஒன்று எழுந்தது. அந்நெடுஞ்சாலைதான் இன்று ‘ஸ்ட்ரிப்’ என்று உலகம் அறிந்த தெரு. கசினோ எனப்படும் சூதாட்ட மாளிகைகள் அதன் இருமருங்கும் மலைபோல் நிற்கின்றன.

கலிபோர்ணியாவிலே தொழில் புரியும் என் மருமகனுடன் கடந்த ஆண்டு கிராண்ட் கன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கைக் காணச் சென்றபோது, இடைவழியில் ஓரிரவு அந்நகரிலே தங்க நேர்ந்தது. சூதாடும் எண்ணம் இருவர்க்கும் இல்லை. பசி மாத்திரம் இருந்தது. தங்கிய மாளிகையின் கீழ்த்தளத்திலே ஆசிய நூடில்ஸ் போசனசாலை ஒன்று உண்டு என்று சுவரிலே எழுதியிருந்தது. அதன் பெயர் இங்கே வேண்டா. அதனைப் போன்றவை அங்கே பல.

போசனசாலைக்குப் போகும் வழியே ஒரு பாடம். நேரே போக வழியில்லை. நாணயப் பொறிகள் நூற்றுக்கணக்கில் ஒளிவீசி ஒலியெழுப்பும் மண்டபத்தை ஊடறுத்தே போகவேண்டும். பொறிகள் முடிந்தால் மேசைகள். மேசைகள் முடிந்தால் மீண்டும் பொறிகள். சாளரம் ஒன்றேனும் இல்லை; கடிகாரமும் இல்லை. வெளியே பகலோ இரவோ உள்ளே இருப்பவன் அறியான். பசித்தவனுக்கு வேளை தெரியவேண்டும். வேளை தெரிந்தவன் எழுந்து போய்விடுவான் என்று அஞ்சும் இடத்திலே, பசிக்குரிய முதல் மரியாதை அப்போதே தவறிவிடுகின்றது.

யான் சைவ போசனன். குழம்பு நூடில்ஸ் அனைத்தும் எலும்பு அவித்த நீரிலே ஆக்கப்படுகின்றன என்று பரிசாரகி நேர்மையாகச் சொன்னாள். ஆதலின், மரக்கறியும் சோயாப் பாலைத் திரைத்துக் கட்டியாக்கிய டோஃபுவும் இட்டு, எண்ணெயில் வதக்கிய நூடில்ஸ் இரண்டு பேருக்கும் கேட்டோம்.

குற்றம் சொல்வதானால் அளந்து சொல்லவேண்டும். அது கெட்டுப்போன உணவன்று. பாத்திரம் தூய்மையாக இருந்தது. சூடும் ஓரளவு இருந்தது. உண்டவன் நோயுறுவான் என்று சொல்ல இடமில்லை. நடுத்தரமான உணவு, அவ்வளவே. முன்னரே அவித்து வைத்தமையால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. வதக்கியபோது முறிந்து துண்டுகளாயின. சீனர் பிறந்தநாளிலே நீண்ட நூடில்ஸை முறிக்காமல் உண்பர். இழையின் நீளம் ஆயுளின் நீளத்துக்கு அடையாளம் என்பது அவர் வழக்கு. அக்கணக்கிலே பார்த்தால் அன்று என் தட்டிலே நீடு வாழ்ந்த இழை ஒன்றும் இல்லை. கோவா பாதி வெந்தது, கரட் வேகவில்லை, சுவை என்று இருந்தது சோயாத் தெளிவின் உப்பு ஒன்றே. இடியப்பம் உண்டு வளர்ந்த நாவுக்கு இழையுணவின் பதம் அயலன்று. மா செம்மையாகக் குழைந்ததா, அவிந்தது போதுமா என்பதை விரலே சொல்லிவிடும்.

இனி விலை. தட்டு ஒன்று 26 டொலர். தேநீர் 6 டொலர். அதன்மேல் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்ட விற்பனை வரி. அதன்மேல் பரிசாரகிக்கு இனாம். ஆளுக்கு 40 டொலருக்குச் சற்று மேல். எமது நாணயத்தில் ஏறக்குறையப் பன்னீராயிரம் ரூபா. யான் கணக்குத் துண்டை இரண்டு முறை பார்த்ததைக் கண்ட மருமகன், “மாமா, இஞ்சை சாப்பாட்டுக்கில்லை, இடத்துக்குத்தான் காசு” என்றான். ஊர்ப்பேச்சிலே அவன் சொன்ன அவ்வாக்கியத்தினுள் ஒரு பொருளியல் முழுதும் அடங்கியிருக்கின்றது. அதனை விரித்துப் பார்ப்பது நன்று.

அந்நகரிலே உணவு எப்போதும் இவ்விலை விற்றதன்று. 1940 களிலே அங்கே ‘பஃபே’ முறை தொடங்கியபோது, ஒரு டொலர் கொடுத்தால் வேண்டுமட்டும் உண்ணலாம். 1959 இல் பழைய நகர்ப்பகுதியிலுள்ள மாளிகை ஒன்று ஒரு கிண்ண இறாலை ஐம்பது சதத்துக்கு விற்கத் தொடங்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்விலையை மாற்றாமல் வைத்திருந்தது. இஃது ஈகையா? அன்று. உணவிலே நட்டப்பட்டால் மேசையிலே எடுத்துக்கொள்ளலாம் என்னும் கணக்கு. அக்காலத்திலே உணவு தூண்டிலில் குத்திய இரை. 1990 களின் இறுதி தொட்டு நிலைமை மாறிற்று. ஸ்ட்ரிப் தெருவின் பெருமாளிகைகளுக்குச் சூதினால் வரும் வருவாயிலும் அறை, உணவு, மது, காட்சி என்பவற்றால் வரும் வருவாய் மிகுதியாயிற்று. இரையே வலையாயிற்று. மலிவான பஃபேக்கள் பல ஒவ்வொன்றாய் மறைந்தன. 2020 இன் பெருந்தொற்றிலே மூடியவற்றுட் பல மீண்டும் திறக்கவில்லை.

விலை ஏறியது சரி; தரம் ஏன் உடன் ஏறவில்லை? இங்கேதான் ஆராய வேண்டிய பொருள் இருக்கின்றது. அம்மாளிகைகளிலே ஆடுவோர்க்கு ஓர் அட்டை கொடுப்பர். எவ்வளவு நேரம் ஆடினான், எவ்வளவு பணம் வைத்தான் என்பதை அது கணக்கெடுக்கும். அக்கணக்குக்கு ஏற்ப அவனுக்கு அறையும் உணவும் இலவசமாகவேனும் குறைவிலைக்கேனும் கிடைக்கும். அப்படி உண்பவன் பட்டியலின் விலையைக் கண்டு வருந்துவதில்லை. விலை உயர உயரத் தனக்குச் செய்த உபசாரமும் உயர்ந்தது என்றே மகிழ்வான். முழுவிலை கொடுப்பவன் ஆடாதவன். அவனோ ஓரிரவு வழிப்போக்கன், மறுமுறை வரமாட்டான். ஒருவன் விலையை உணரான். மற்றவன் திரும்பி வாரான். சமையலைச் சீர்தூக்கி, நாளைக்கு இது கூடாது என்று சொல்வதற்கு அங்கே ஆள் இல்லை.

ஊரிலுள்ள ஒரு சிறு சாப்பாட்டுக் கடையை எண்ணிப் பாருங்கள். இன்று சாம்பார் புளித்தால் நாளைக்குப் பத்துப் பேர் வரமாட்டார்கள். உண்டவன் மீண்டும் வருவான் என்னும் நம்பிக்கையிலேதான் அவ்வடுப்பு எரிகின்றது. சூதாட்ட மாளிகையின் போசனசாலையும் உண்டவன் மீளவேண்டும் என்றே விரும்புகின்றது. ஆனால் தன்னிடத்துக்கு அன்று, மேசைக்கு. விரைவாக உண்டு, அமைதி கொள்ளாமல், எழுந்து போகவேண்டும். நெடுநேரம் இருந்து சுவைக்கத்தக்க உணவு அங்கே கொடுக்கப்படுமாயின், அஃது அவ்வீட்டின் நோக்கத்துக்கே பகை. எனவே நடுத்தரம் என்பது சமையற்காரன் கைத்தவறன்று. வீட்டின் அமைப்பிலிருந்து பிறந்த தரம்.

உணவுப்பட்டியலின் தலைப்பிலே ‘ஆசிய’ என்று எழுதியிருந்ததையும் சொல்லவேண்டும். சீனத்து நூடில்ஸ், வியட்நாமின் ஃபோ, தாய்லாந்தின் பாட் தாய், யப்பானின் ராமென் அனைத்தும் ஒரே பட்டியலில், ஒரே அடுப்பில். இவை ஒவ்வொன்றுக்கும் ஊர் உண்டு, வரலாறு உண்டு. வடமேற்குச் சீனத்திலுள்ள லாஜியா என்னும் இடத்திலே, கவிழ்ந்து கிடந்த மட்கலத்தின் அடியில், ஏறக்குறைய 4000 ஆண்டுப் பழமையுடைய நூடில்ஸ் கண்டெடுக்கப்பட்ட செய்தி 2005 இல் வெளியாயிற்று. ராமென் சீனத்திலிருந்து யப்பானுக்குச் சென்று அந்நாட்டுணவாகியது. இத்துணை வேறுபாட்டையும் ஒரு சொல்லால் துடைத்துவிட்டு ‘ஆசியா’ என்பது, எம் இலக்கியம் அனைத்தையும் ‘செய்யுள்’ என்று சொல்லி அப்பாற் போவது போன்றது. யானும் ஆசியன்தான். அப்பட்டியலிலே என் ஊரையும் கண்டிலேன். அவர்கள் ஊரையும் கண்டிலேன்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்கவேண்டும். கிழக்காசிய ஆட்டக்காரரை அம்மாளிகைகள் பெரிதும் மதிக்கின்றன. அவர்கள் விரும்பும் பக்கராட் என்னும் சீட்டாட்டமே அத்தெருவின் மேசையாட்டங்களுள் வருவாய் மிக்கது. 1993 இல் திறந்த பெருமாளிகை ஒன்று தன் வாயிலைச் சிங்கத்தின் திறந்த வாயாக அமைத்திருந்தது. சிங்கத்தின் வாயினுள் நுழைவது கெட்ட சகுனம் என்று சீன ஆட்டக்காரர் ஒதுங்குகின்றனர் என்ற பேச்சு எழுந்தது. சில ஆண்டுகளில் அவ்வாயிலை இடித்து வேறு வாயில் அமைத்தனர். விருந்தினர் உள்ளத்தை அறிந்து வாயிலை இடிக்கத் தெரிகின்றது. அவர் நாவை அறிந்து ஒரு தட்டு நூடில்ஸை ஒழுங்காக அவிக்கத் தெரியவில்லை. வாயில் பணத்தை உள்ளே கொண்டுவருவது. நூடில்ஸ் அப்படிச் செய்வதில்லை என்பதே வேறுபாடு.

அந்நகரிலே நல்ல நூடில்ஸ் கிடையாது என்று யாரும் எண்ணற்க. மறுநாள் நண்பகலிலே, ஸ்ட்ரிப் தெருவிலிருந்து காரிலே சில நிமிட தூரத்திலுள்ள ஸ்பிரிங் மவுண்டன் வீதிக்குப் போனோம். 1995 இல் அங்கே ஒரு சீனக் கடைத்தொகுதி தோன்றிற்று. அதனைச் சூழச் சீனர், வியட்நாமியர், கொரியர், யப்பானியர் எனப் பலரும் கடை வைத்து, இன்று அது நீண்டதொரு ஆசிய வட்டாரமாயிற்று. சிறியதொரு கடை. சாளரம் உண்டு, சுவரிலே கடிகாரம் உண்டு. மரக்கறி நூடில்ஸ் 13 டொலர். முதல்நாள் விலையிற் சரிபாதி. இழை இழையாக எழுந்தது. கீரை பசுமை கெடாமல் வந்தது. அயல் மேசையிலே ஒரு கிழவி பேரப்பிள்ளைக்குக் குச்சி பிடிக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து போங்கள் என்று எவரும் எமக்குக் குறிப்புக் காட்டவில்லை.

அவ்வுணவுக்குப் பின்னாலே நெடிய வரலாறு இருக்கின்றது. 1860 களிலே கலிபோர்ணியாவிலிருந்து நெவாடாவின் ஊடாகப் புகையிரதப் பாதை அமைத்தவருட் பெரும்பாலார் சீனத் தொழிலாளர். மலையைக் குடைந்தவரும் அவரே. பனியிலே புதைந்தவரும் அவரே. பாதை முடிந்தது 1869 இல். 1882 இல் சீனத் தொழிலாளர் அந்நாட்டினுள் வரக்கூடாது என்று சட்டம் செய்யப்பட்டது. அச்சட்டம் 1943 வரை நீங்கவில்லை. வேறு தொழில்களின் கதவு அடைபட்ட இடத்திலே, சலவையும் சமையலும் அம்மக்களுக்கு உயிர்காத்த தொழில்களாயின. அவ்வாறு பிழைத்து நின்ற உணவு அது. அதனைப் பாதி வெந்த கோவாவோடு சேர்த்து இருமடங்கு விலைக்கு விற்பது, விலைக்குற்றம் மாத்திரமன்று, மரியாதைக்குற்றமுமாகும்.

இக்கூற்றுக்கு மறுப்புகள் உண்டு. தொழிலாளர்க்கு நல்ல சம்பளம் கொடுப்பதனால் விலை ஏறுகின்றது என்பது ஒன்று. அந்நகரின் சமையல் தொழிலாளர் சங்கம் ஏறத்தாழ 60,000 உறுப்பினரைக் கொண்ட வலிய சங்கம். பரிசாரகியும் பாத்திரம் கழுவுவோனும் அங்கே வீடு வாங்கி வாழ முடிகின்றதென்றால் அது போற்றத்தக்கது. அதன்பொருட்டு விலை ஏறினால் யான் முணுமுணுக்கமாட்டேன். ஆயினும் நல்ல சம்பளம் பெறும் கைக்கு நல்ல நூடில்ஸ் அவிக்கவும் இடங்கொடுக்கவேண்டும் அல்லவா? கைவன்மை உடையவனை, முன்னரே அவித்ததை வதக்கித் தள்ளும் பொறியாக்குவது அவனுக்கும் இழிவே.

மேசையோடு ஒப்பிட்டால் விலை பெரிதன்று என்பது இன்னொன்று. இதனைக் கணக்கிட்டே பார்க்கலாம். பக்கராட் ஆட்டத்திலே வங்கியின் பக்கம் பணம் வைப்பவன், நூறு டொலருக்குச் சராசரி ஒரு டொலரும் ஆறு சதமும் இழப்பான். ஆட்டக்காரன் பக்கம் வைப்பவன் ஒரு டொலரும் இருபத்துநான்கு சதமும் இழப்பான். இவ்விகிதம் ஒளிக்கப்பட்டதன்று, நூல்களிலே காணலாம். ஒரு தட்டிலே சரிபாதியை மிகையாகப் பறிக்கும் சமையலறையிலும் ஒருமுறைக்கு நூற்றுக்கு ஒன்று பறிக்கும் மேசை நேர்மையானது போலத் தோன்றும். தோற்றந்தான். நூடில்ஸை ஒருமுறை உண்டு எழலாம். மேசையிலோ ஒரு மணிநேரத்தில் எத்தனையோ ஆட்டம். ஒவ்வொன்றிலும் அந்த ஒன்று போய்க்கொண்டே இருக்கும். சமையலறை பணப்பையைக் கடிக்கின்றது. மேசை அதனை அரிக்கின்றது.

கற்றோர் மூன்றாவதாக நளன் கதையை எடுத்துக்காட்டுதல் கூடும். நளன் சூதிலே நாடிழந்தான். இருதுபன்னன் அரண்மனையிலே வாகுகன் என்னும் பெயரோடு சமையல் செய்தான். உருமாறி நின்றவனை இன்னான் என்று தமயந்தி தெளிவதற்கு அவன் சமைத்த உணவின் சுவையும் ஒரு சான்றாயிற்று. இதுவரை என் கட்சிக்கு உதவும். ஆனால், இழந்த நாட்டை அவன் மீண்டும் சூதாடியன்றோ பெற்றான் என்று கேட்கலாம். உண்மை. எனினும் எப்படிப் பெற்றான்? இருதுபன்னனிடம் எண்ணும் வித்தையைக் கற்ற பின்னர் பெற்றான். அவ்வித்தை கற்றவனுக்கு அது சூதன்று, கணக்கு. 1962 இல் எட்வர்ட் தோர்ப் என்னும் கணிதப் பேராசிரியர், வேறொரு சீட்டாட்டத்திலே வெளிவந்த சீட்டுகளை எண்ணிவைத்து வெல்லும் வழியை நூலாக எழுதினார். அவ்வாறு எண்ணுவது நெவாடாவில் குற்றமன்று. ஆயினும் எண்ணுவோனை மாளிகைகள் கண்டுபிடித்து வெளியேற்றுகின்றன. எண்ணத் தெரியாத நளன் அங்கே விருந்தினன். எண்ணத் தெரிந்த நளனுக்கு அங்கே வாயில் அடைப்பு. கதையிலே சோறு நளனை அவனுக்கே மீட்டுக்கொடுத்தது. அம்மாளிகைகளிலே சோறு அவனை மீண்டும் மேசையிலே ஒப்படைக்கின்றது.

தூரத்து ஊரின் கதை எமக்கு எதற்கு என்று எவரேனும் வினவலாம். கொழும்பிலே பேரே வாவியின் அருகே, தங்குவிடுதியும் கடைகளும் சூதாட்ட மாளிகையும் ஒன்றாய் அமைந்த பெருந்தலம் ஒன்று 2025 இல் திறக்கப்பட்டது. சூதாட்டம் நாட்டுக்குத் தகுமா என்பது தனியே பேசவேண்டிய பெரும்பொருள். இங்கே அதனைத் தீர்க்க முயலவில்லை. ஆனால் எம் பிள்ளைகள் பலர் இத்தகைய தலங்களின் சமையலறைகளிலே தொழில் பெறுவர். எம் குடும்பங்கள் திருமணத்துக்கும் விருந்துக்கும் அங்கே போவர். ஆதலின், உணவைப் பற்றியேனும் இப்போதே பேசிவைப்பது நன்று.

யான் கேட்பன மூன்று. இத்தகைய தலம் எதுவாயினும், போசனசாலைக்குத் தனிவாயில் இருத்தல் வேண்டும். சூது மண்டபத்தை மிதித்துத்தான் சோற்றுக்குப் போகவேண்டும் என்னும் நிலை கூடாது. சிங்கப்பூரிலே 2010 இல் திறந்த மாளிகைகளிலே, அந்நாட்டுக் குடிமக்கள் சூது மண்டபத்தினுள் நுழைவதற்கே நாளொன்றுக்கு 100 டொலர் கட்டணம் விதித்தார்கள்; 2019 இல் அதனை 150 ஆக்கினார்கள். உணவுச்சாலைகள் அக்கட்டண வாயிலுக்கு வெளியேயும் உண்டு. செய்ய முடியாத காரியம் அன்று என்பதற்கு இது சான்று. இரண்டாவது, உண்ணும் மண்டபத்திலே ஒரு சாளரமும் ஒரு கடிகாரமும் இருத்தல் வேண்டும். மூன்றாவது, வரியும் சேவைக் கட்டணமும் சேர்த்த முழுவிலையை வாயிலிலேயே எழுதிவைத்தல் வேண்டும். உள்ளே வந்து அமர்ந்தபின் விலை கேட்டு எழுந்து போகக் கூச்சப்படும் இயல்பு எம்மவர்க்கு மிகுதி. அக்கூச்சத்தை மூலதனமாக்க இடங்கொடுத்தலாகாது.

இம்மூன்றும் சிறிய காரியங்கள். எனினும் இவற்றின் உள்ளே ஒரு பெரிய கொள்கை இருக்கின்றது. உண்ணும் இடத்திலே உணவே தலைமை பெறுதல் வேண்டும். அது வேறொன்றின் ஏவலாளாகும் இடத்திலே விலை உயரலாம், விளக்கு ஒளிரலாம், பாத்திரம் பளபளக்கலாம். பசி தீராது. சூதாடுவானை நீங்குவனவற்றுள் ஊணையும் ஒன்றாக எண்ணியவர், தோற்றவனை மாத்திரம் நினைத்து எண்ணினார் என்று யான் கருதவில்லை.